தொட்டிக்குள் இருந்த பச்சைத் தோல்

என் மகனுக்கு, அம்மா எழுதுவது. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. முழங்காலும் காலையில்தான் முரண்டு பிடிக்கும். அடுப்புப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்த்தி வைத்தால் அதுவும் வழிக்கு வந்துவிடும். உன் கடிதத்தை லோரிக்காரத் தம்பி கொண்டுவந்து கொடுத்தான். கல்யாணம் முடிந்த கையோடு, கல்யாணக் காரிலேயே என்னையும் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போய்விடுவதாக எழுதியிருக்கிறாய். ஜன்னல் வைத்த அறை பார்த்து வைத்திருக்கிறாய். கடையை யாருக்காவது வாடகைக்கு விடச் சொல்கிறாய். நாளை மருமகளாக வரப்போகிற பெண்ணும் கீழே தன் கையால் இரண்டு வரி எழுதியிருக்கிறாள்: "அத்தை, குளிரில் கிடந்து கஷ்டப்பட்டது போதும், எங்களோடு வந்துடுங்க." அவள் கையெழுத்து உன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. அதையும் சொல்லிவிடு.

வியாபாரி வாடிக்கையாளரைக் காக்க வைக்கக்கூடாது, அதனால் பதிலை முதலிலேயே சொல்கிறேன். உன் கல்யாணக் காரில் நான் ஏறி வரமுடியாது. மனசு இல்லாமல் சொல்கிறேன் என்று நினைக்காதே. மருமகள் வீட்டுச் சோறு எப்படி இருக்குமோ என்கிற பயமும் இல்லை. இந்த மலையைவிட்டு இறங்கவேண்டும் என்று உனக்கு முன்னால் ஆசைப்பட்டவள் நான். என்னைப் போகவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது நீ கட்டிக் கொடுத்த தண்ணீர்த் தொட்டி. சிரிக்காதே. நீ அதைக் கட்டினாய், அது என்னைக் கட்டிப் போட்டுவிட்டது. இன்றைக்கு நீ எத்தனையோ எஸ்டேட்டுக்கும் கம்பத்துக் கிராமங்களுக்கும் போய் இதே மாதிரி தொட்டிகளைக் கட்டுகிறாய். அதனால் இந்தக் கதையை நீ முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும். உனக்குப் பாதிதான் தெரியும். தொட்டி உனக்குத் தெரியும். தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களை உனக்குத் தெரியாது.

நீ சின்னப் பையனாக இருந்தபோது ஆற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி வரும். பிறகு மேல் மலையை மழித்துக் காய்கறித் தோட்டம் போட்டார்கள். முட்டைக்கோசுக்குக் கோழி எரு, கோழி எருவுக்கு ஈ, எல்லாவற்றுக்கும் மேலே மருந்து. மழை பெய்தால் எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லயத்துப் பைப்பில் செம்மண் தண்ணீர் வந்தது. "மழைக்காலத்துல எங்களுக்குக் கோப்பி ஓசி லா" என்று ஆட்கள் கிண்டல் பேசிக்கொண்டே அதைத் தெளியவைத்துக் குடித்தார்கள். உனக்கு டைபாய்டு வந்து தானா ராத்தா ஆஸ்பத்திரியில் நீ கிடந்தது அந்த வருஷம்தான். அப்பா இல்லாத பிள்ளை, ஒரே பிள்ளை. உன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நான் யாரைத் திட்டுவது என்று யோசித்தேன். மேலே இருக்கிற தோட்டக்காரர்களைத் திட்டமுடியாது. அவர்களுடைய கோசும் தக்காளியும்தான் என் லோரியில் ஈப்போவுக்கு இறங்குகிறது. லயத்து ஆட்கள் மேனேஜர் துரையைத் திட்டமுடியாது. வீடு எஸ்டேட் வீடு, வேலை போனால் வீடும் போகும். துரைக்கோ மேல் மலை தன் எல்லையில் இல்லை என்கிற சாக்கு இருந்தது. ஆளுக்கு ஆள் வாயைக் கட்டிக்கொண்டு, வாய்க்குள் போகிற தண்ணீரை மட்டும் திறந்துவிட்டிருந்தோம்.

நீ படிப்பை முடித்து லீவில் வந்தபோது, ரோட்டோரம் கிடந்த பழைய சிமெண்டுக் கல்வெர்ட்டு வளையங்களைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி மணலைப் போட்டா ஆயிரம் பேருக்குத் தண்ணி குடுக்கலாம்" என்றாய். எனக்கு உன் படிப்பின் மேல் முதன்முதலாக மரியாதை வந்தது அன்றைக்குத்தான். மோட்டார் இல்லை, கரண்டு இல்லை, கடல் தாண்டி வரவேண்டிய சாமான் எதுவும் இல்லை. கல், அதற்கு மேல் பொடிக்கல், அதற்கு மேல் ஆற்று மணல். மேலே விட்ட தண்ணீர் மெதுவாக இறங்கிக் கீழே பைப்பில் வரும். லயத்து ஆட்கள் கோத்தோங் ரோயோங் போட்டு, ஊர் கூடி மணலை அரித்துக் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து நீ பஸ் ஏறுகிற அன்று என்னைத் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒன்று சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா?

"அம்மா, மணலுக்கு மேல பச்சையா, வழவழன்னு ஒரு தோல் கட்டும். அதைத் தொடவே கூடாது. அதுதான் கிருமியத் தின்னுது. மணல் சும்மா, அந்தத் தோல்தான் வேலைக்காரன்."

"டேய், பாசி புடிச்ச தொட்டித் தண்ணியக் குடிங்கன்னு நான் எந்த வாயால சொல்றது? என் கடையில டீ குடிக்கவும் வரமாட்டானுங்க."

"சொல்லித்தாம்மா ஆகணும். தண்ணி ரொம்ப மெதுவா இறங்கினா மட்டும் மேலாப்புல மெல்லிசா சுரண்டுங்க. சுரண்டின பிறகு கொஞ்ச நாளைக்கு வர்ற தண்ணிய வெளிய விட்டுடுங்க."

நீ பஸ் ஏறிவிட்டாய். நான் சொல்லவில்லை. தொட்டிக்குத் தகர மூடி போட்டேன், பூட்டும் போட்டேன். கடையின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று வாடிக்கைக்குக் காட்டுகிற பழக்கம் எனக்கு என்றைக்கும் கிடையாது. சரக்கு நல்ல சரக்கா, முன்பக்கம் துடைத்திருக்கிறதா, அவ்வளவுதான். முதல் குடத்தை எடுத்துப் போனவள் அஞ்சலை. கீழ் லயத்தில் கொழுந்து எடுக்கிறவள். விறகைக்கூடக் கழுவி அடுக்குகிறவள் என்று ஆட்கள் அவளைக் கேலி பேசுவார்கள். அவள் வீட்டில் தேத்தண்ணி போட்டு, டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாளாம். நாள் பூராவும் தேயிலையிலேயே நிற்கிற ஜனங்கள் தண்ணீரைத் தண்ணீராகச் சோதிக்க மாட்டார்கள், தேத்தண்ணியாகத்தான் சோதிப்பார்கள். "செவப்பா, தெளிவா இருக்குக்கா. அடியில ஒண்ணுமே தங்கல" என்று ஓடிவந்து சொன்னாள். அவள் வாயால் வந்தால் லயம் முழுக்க நம்பும். அன்றைக்கே எல்லாக் குடமும் தொட்டிக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு என் பாடு ஆரம்பித்தது. சாவி என்னிடம், அதனால் தொட்டியும் என்னுடையது. தண்ணீர் சன்னமாக வந்தால் கடைக்காரம்மா, குழாய் ஒழுகினால் கடைக்காரம்மா, மழை பெய்து ஆறு கலங்கினால் போய், ஆற்றிலிருந்து தொட்டிக்கு வருகிற மடையை அடைக்கவும் கடைக்காரம்மா. தாப்பாவில் சொந்தத்துக் கல்யாணத்துக்கு நான் போகாததற்கு நீ கோபித்துக்கொண்டாயே, அன்றைக்கு ஊற்றிய மழையில் நான் மண்வெட்டியோடு மடையில் நின்றேன். முடியாமல் எஸ்டேட் ஆபீசுக்குப் போய் துரையைப் பார்த்தேன். வெள்ளைக்காரன் போய் நம்ம ஆள் வந்து எத்தனையோ காலம் ஆகிறது, இன்னும் துரை துரைதான். நல்ல மனுஷன், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "எஸ்டேட்டுல தண்ணி சுத்திகரிப்பு தாங்கி கட்டறதா ஒரு பேச்சு இருந்துச்சும்மா. இப்போ நீங்களே இவ்வளவு நல்லா நடத்துறீங்க. அப்புறம் எதுக்கு? இனிமேலும் நீங்களே நடத்துங்க" என்றார். பாராட்டித்தான் சொன்னார். படி இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நம்முடைய வேலையை நாமே நன்றாகச் செய்துகொண்டால், செய்ய வேண்டியவனுக்கு அதைவிட நல்ல விடுதலை வேறு இல்லை. அவர் பொறுப்பிலிருந்து வெளியே போனார், நான் அதற்கு உள்ளே போனேன்.

சரி, ஒரு வழி இல்லாவிட்டால் இன்னொரு வழி என்று மாரியம்மன் கோயில் திருவிழாவைப் பார்த்து ஒரு யோசனை செய்தேன். திருவிழாவில் ஆளுக்கொரு நாள் உபயம் உண்டல்லவா? கொழுந்துக்காரர் உபயம், லோரிக்காரர் உபயம், கடைக்காரர் உபயம். யாரும் தன் உபயத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், அடுத்தவர் உபயத்தைவிட ஒரு மாலையாவது அதிகம் போடுவார்கள். தொட்டியையும் அப்படியே ஆக்கினேன். மாசத்துக்கு ஒரு வீடு, தொட்டி உபயம். அப்படியே பற்றிக்கொண்டது! ஒரு வீடு தொட்டிக்கு வெளியே சுண்ணாம்பு அடித்தது, அடுத்த வீடு காவிப் பட்டை போட்டது, அதற்கடுத்தவன் குழாய்க்கு மேல் அம்மன் படமே மாட்டிவிட்டான். தண்டல், அதுதான் நம் கோயில் தலைவர், மீசையைத் தடவிக்கொண்டு, "கடைக்காரம்மா, அடுத்த வருஷம் தொட்டிக்குத் தேர் இழுக்கலாம்" என்றார். நான் மட்டும் மூடியைத் திறக்கவிடவில்லை. "உள்ளே இருக்கறதை நான் பார்த்துக்கறேன், வெளியே நீங்க பாருங்க" என்று வைத்திருந்தேன்.

திருவிழா மாசத்து முறை அஞ்சலை வீட்டுக்கு விழுந்தது. திருவிழா வாரம்தான் நான் உன்னைப் பார்க்க ஈப்போவுக்கு வந்தேன். மடை அடைத்துக்கொண்டால் திறக்கவேண்டுமே என்று முதன்முறையாகச் சாவியைக் கொடுத்தேன். பஸ் வந்து நின்றுவிட்டது. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன்: "சுத்தமா வச்சுக்க." அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

அவள் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறாள். பச்சையாக, வழவழவென்று. கூட வந்த இரண்டு பேரும், "ஐயோ, இதையா இத்தனை நாள் குடிச்சோம்?" என்று வாயைப் பொத்தியிருக்கிறார்கள். அஞ்சலை அவர்களை அடக்கினாளாம். "கத்தாதீங்கடி. வெளிய தெரிஞ்சா கடைக்காரம்மா மானம் போயிடும். அவங்களுக்கு முழங்கால் முடியல, பாவம், உள்ள எறங்கிக் கழுவ முடியல போல." என் மானத்தைக் காப்பாற்றவே மூன்று பேரும் யாருக்கும் தெரியாமல் வேலை செய்தார்கள். மணலைக் கூடை கூடையாக அள்ளிக் கழுவினார்கள். உள்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்து, வேப்பிலை செருகி, வாசலில் கோலமும் போட்டுவிட்டு மூடியைப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு குழாயில் தண்ணீர் பாய்ந்துகொண்டு வந்தது. இத்தனை வருஷமாக நூல் மாதிரி வந்த தண்ணீர்! "அஞ்சலை கை பட்டதும் தொட்டி பொங்குதே" என்று எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

திருவிழாவில் கூழைக் காய்ச்சினார்கள், சரி. பானகத்தை யார் காய்ச்சுவார்கள்? நீர்மோரை யார் காய்ச்சுவார்கள்? தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பிறகு பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. நான் ஊர் திரும்பியபோது ஆஸ்பத்திரி நடைவழியில் பாய் போட்டிருந்தார்கள். எல்லோரையும்விட மோசமாக இருந்தது அஞ்சலையின் சின்ன மகள். கண் உள்ளே போய், கிள்ளினால் தோல் எழும்பி அப்படியே நின்றது. பிழைத்துக்கொண்டாள். எல்லாப் பிள்ளைகளும் பிழைத்துக்கொண்டன. அம்மன் புண்ணியமோ, ஆஸ்பத்திரி புண்ணியமோ, நான் அதில் வழக்கு வைத்துக்கொள்ளவில்லை. நீ வந்து பார்த்துவிட்டு, "மலைக் குளிருக்குத் தொட்டித் தோல் திரும்பக் கட்ட நாளாகும்மா, அதுவரைக்கும் காய்ச்சித்தான் குடிக்கணும்" என்று சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டாய். உனக்குத் தெரிந்த பாதி அதோடு முடிகிறது.

மீதியைக் கேள். கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். நான் எழுந்து, எல்லோர் முன்னாலும் சொன்னேன். "பாசி இருந்தாத்தான் தண்ணி சுத்தமாகும்னு என் மகன் சொன்னான். நீங்க அருவருப்பு படுவீங்கன்னு நான் மறைச்சேன். அவ கழுவினா, ஆனா கழுவ வச்சது நான்." யாரும் காதில் வாங்கவில்லை. "நீங்க விடுங்கக்கா, உங்க நல்ல மனசுக்கு அப்படிச் சொல்றீங்க. தொட்டது அவ கைதானே?" என்றார்கள். என்மேல் கோபப்பட அவர்களுக்கு வசதிப்படாது. மலையில் வேறு கடை இல்லை. அஞ்சலைமேல் கோபப்படலாம், அவளிடம் வாங்க ஒன்றுமில்லை. அன்றிலிருந்து கொழுந்து எடுக்கும்போது அவளுக்குப் பக்கத்து நிரையில் யாரும் நிற்பதில்லை. காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டால் அவளுக்கு முன்னும் பின்னும் இடம் விட்டு நிற்கிறார்கள். தொட்டிக் குழாய்ப் பக்கம் அவள் வருவதையே நிறுத்திவிட்டாள். ஆற்றிலிருந்து தூக்கிக் காய்ச்சிக் குடித்தாள். அந்தத் தொட்டி அவளை வெளியே நிறுத்தியது, என்னை உள்ளே பூட்டியது. பச்சைத் தோல் திரும்பக் கட்டியதும் குடங்கள் குழாய்க்குத் திரும்பின, சாவி மறுபடியும் என் இடுப்புக்கு வந்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு வேலையை விட்டுவிடாதே. உன் வேலை நல்ல வேலை. ஏழை வீட்டுக்கு நல்ல தண்ணீர் தருவதற்கு இவ்வளவு மலிவான வழியை நான் பார்த்ததில்லை. ஆனால் மலிவு என்று நீ சொல்லும்போது சிமெண்டையும் மணலையும் மட்டும் பார்க்கிறாய். ஒவ்வொரு தொட்டிக்கும் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திவிட்டுப் பஸ் ஏறுகிறாயே, அந்த ஆளை நீ விலையில் சேர்ப்பதில்லை. இனிமேல் எங்கே போனாலும் மூடி போடுவதற்கு முன்னாலேயே எல்லோரையும் கூப்பிட்டு அந்தப் பச்சைத் தோலைக் காட்டு. முகத்தைச் சுளிக்கட்டும். நாலு நாள் குடிக்காமல்கூட இருக்கட்டும். எஸ்டேட்டில் கட்டினால், மணல் அள்ள, மடை பார்க்க சம்பளத்துக்கு ஒரு ஆளைத் துரையிடம் வாங்கிக்கொண்டு குழி வெட்டு. வெட்டின பிறகு கேட்டால் பாராட்டுதான் கிடைக்கும். ஊரிலேயே கெட்டிக்காரர் யார் என்று தேடி அவர் கையில் சாவியைக் கொடுக்காதே. கெட்டிக்காரர் ஏற்கெனவே பத்து விஷயத்தில் மாட்டிக்கொண்டிருப்பார். கல்யாணம் ஆகப்போகிறவன், இதை வீட்டுக்கும் வைத்துக்கொள். நீ காடுமலை சுற்றிக்கொண்டே இருப்பாய், அந்தப் பெண் கெட்டிக்காரி, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வாள் என்று சாவிக்கொத்தை அவள் இடுப்பில் சொருகிவிட்டுப் போய்விடாதே. அப்படி ஒரு வீட்டை நான் தனியாக நடத்தியவள். அதன் பாரம் எனக்குத் தெரியும்.

உன் கடிதம் வந்த அன்று, இந்தச் சிறையிலிருந்து எப்படி வெளியே வருவது என்று வியாபாரக் கணக்காகவே யோசித்தேன். யாரிடம் கொடுப்பது? தண்டலிடமா? அவர் தேரே கட்டிவிடுவார். யோசித்துப் பார்த்து அஞ்சலை வீட்டுக்குப் போனேன். அவள் என்னையும் என் கையில் இருந்த சாவியையும் பார்த்ததும் எழுந்து நின்றுகொண்டாள்.

"அக்கா, வேணாம்க்கா. என் கையால தண்ணி யாரும் குடிக்க மாட்டாங்க."

"இங்க பாரு. பளபளன்னு தேய்க்கிற கை இந்த லயத்துல எல்லா வீட்லயும் இருக்கு. இனிமே சாமியே வந்து சொன்னாலும் தேய்க்காத கை ஒண்ணுதான் இருக்கு."

அவள் அழுதாள். பிறகு சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். சேதி தெரிந்ததும் தண்டல் கடைக்கே வந்துவிட்டார்.

"கடைக்காரம்மா, உங்களுக்கு வேற ஆளே கெடைக்கலையா லா?"

"நீங்க எடுத்துக்குங்களேன், தண்டல். காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் மடையப் பார்க்கணும், மழை பெஞ்சா நனையணும்."

அவர் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். வேறு பேச்சு எடுத்தார்.

முதல் நாள் காலை அஞ்சலை குழாயைத் திறந்தாள். பெண்கள் எல்லாம் குடத்தோடு சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். நான் போய் ஒரு டம்ளர் பிடித்து அவர்கள் பார்க்கவே குடித்தேன். கடைக்கும் அதையே எடுத்துப் போய்த் தேத்தண்ணி போட்டேன். அன்றைக்கு டீ வியாபாரம் இல்லை. குடங்கள் ஆற்றுக்குப் போயின. மறுநாளும் அப்படியே. ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கிற வீடுகள் எவை என்று எனக்குத் தெரியும், அந்த வீடுகளில் எத்தனை பிள்ளைகள் என்றும் தெரியும். இப்போது நான் உன் காரில் ஏறிவிட்டால், "கடைக்காரம்மாவே அவ திறக்கிற தண்ணிக்குப் பயந்து ஓடிட்டாங்க" என்பார்கள். அதோடு தொட்டியும் செத்தது, அஞ்சலையும் செத்தாள். அதனால் கல்யாணத்துக்கு வருகிறேன், மாலையைப் பார்க்கிறேன், சாப்பிடுகிறேன், மறுநாள் பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். அந்த அறையை எனக்காகக் காலியாக வைத்திருக்காதே, யாரையாவது குடிவை. அந்தப் பெண்ணிடம், இது அவளால் இல்லை என்று நீயே பக்குவமாகச் சொல். எப்போது வருவேன் என்று நீயும் கேட்காதே. அது என் கையில் இல்லை, இங்கே குடம் தூக்குகிறவர்கள் கையில் இருக்கிறது.

இன்று காலை இரண்டு பேர் வந்து குழாயடியில் குடத்தை வைத்தார்கள். அதில் ஒருத்தி, "பாத்திரம் கழுவத்தான்" என்று அஞ்சலை காதில் விழுகிற மாதிரி சத்தமாகச் சொன்னாள். அஞ்சலை குழாயைத் திறந்தாள். குடத்தை விளிம்புவரை நிரப்பி, அடியைத் துடைத்து, அவள் இடுப்பில் ஏற்றிவிட்டாள்.

உன் அம்மா